மூன்றாம் வருஷப் பாவாடை

ஆடி 1, வியாழன்

முதல் நோட்டு தீர்ந்துபோய்விட்டது. இது இரண்டாவது. மை இழுவியிருந்தால் யாரும் குறை சொல்ல வேண்டாம். நான் இடது கைக்காரி. எழுத எழுத என் கையே அதைத் துடைத்துக்கொண்டு போகும்.

முதல் நோட்டில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருடிப் படிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும். குமரேசன் அண்ணா, உன்னைத்தான் சொல்கிறேன். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் பொங்கல் லீவுக்கு வந்தபோது, எங்கள் ஊருக்கு மேலே மலையில் இருக்கிற ஏழு சுனைக்குப் போனேன். ஏழாவது சுனைக்குள் கொலுசுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், விழுந்தேன். உள்ளே கன்னிமார் இருந்தார்கள். ஊரில் ஏழு பேர் என்று கும்பிடுகிறோம், உள்ளே இருப்பது ஆறு பேர்தான். ஏழாவது கல் காலியாக இருக்கிறது. அதில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை, சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏழாம் நாள், வாசல் காவலுக்கு நிற்கிற கொம்பையா யாருக்கும் தெரியாமல் என்னை வெளியே தள்ளிவிட்டான். அவ்வளவுதான். கொம்பையாவைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருந்தேன், அதைக் கிழித்துவிட்டேன்.

வெளியே வந்தால் இங்கே இரண்டரை வருஷம் ஓடியிருந்தது. இப்போது உடம்புக்குப் பத்தொன்பது வயது, ஆதாருக்கு இருபத்தொன்று. சுனைக்கரையில் என் செருப்பும் துப்பட்டாவும் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கன்னிமாரோடு சேர்ந்துவிட்டாள் என்று குறி சொல்கிற கோடாங்கி உடுக்கடித்துச் சொல்லியிருக்கிறான். உடனே என்னைச் சாமியாக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுக் கன்னி என்று கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்துச் சாமி அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். வருஷா வருஷம் ஆடிக் கடைசி வெள்ளியன்று புதுப் பாவாடை வைக்க வேண்டும். எனக்கு இரண்டு வருஷப் பாவாடை வைத்தாயிற்று. பத்து வயதுக்கு மேல் நான் பாவாடை கட்டியதே கிடையாது.

நான் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

ஆத்திரம் தாங்காமல் கொட்டகைக்குப் போய் எலுமிச்சை மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். 47. முழுசாக நாற்பத்தேழு கிலோ உயிரோடு இருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆடி 2, வெள்ளி

அம்மா குளித்துவிட்டு வந்து பெட்டிக்குப் பிச்சிப்பூ சாத்தி விளக்கேற்றினாள். பெட்டிக்கு. நான் பக்கத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோபத்தில் ஊறுகாய் ஜாடியைப் போட்டு உடைத்தேன். கை தவறி விழுந்ததாக இங்கே எழுதப்போவதில்லை. வேண்டுமென்றே உடைத்தேன். முன்னெல்லாம் ஒரு தம்ளரைக் கீழே போட்டாலே அம்மாவின் சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். மூதி, எருமை, சவமே என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது திட்டு வாங்குவேன். இடது கையால் சாப்பிட்டதற்கே பத்து தடவை இருக்கும்.

இன்று அம்மா பீங்கானைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "பாத்து நில்லும்மா" என்றாள். நான் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. என் பெயரைச் சொல்லியும் கூப்பிடவில்லை. முப்பிடாதி என்கிற பெயர் இப்போது சாமியுடையதாம். சாமி பெயரைச் சொல்லி, தண்ணீர் எடுத்துவா என்று எப்படிச் சொல்வது என்று அண்ணன் கேட்கிறான். நான் எல்லாருக்கும் "எம்மா" ஆகிவிட்டேன்.

ஆடி 3, சனி

தோட்டத்தில் எலுமிச்சை பறித்தேன். ஒரு முள்கூடக் குத்தவில்லை. மரம் வயதாகி முள்ளெல்லாம் மழுங்கிவிட்டது போலிருக்கிறது.

தராசு 42 காட்டுகிறது. மெஷின் கோளாறு. அண்ணனிடம் சொன்னேன். அவன் ஒரு மூட்டையை வைத்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

ஆடி 6, செவ்வாய்

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். பெட்டியை இறக்கப் போகிறீர்களா இல்லையா?

அப்பா மட்டும்தான் இந்த வீட்டில் என்னிடம் மழுப்பாமல் பேசுகிறார். அதற்காக அவர்மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. அண்ணனுக்குப் பெண் பார்த்து முடித்தாயிற்று. பெண் பெயர் மதிவதனி. கன்னிசாமி துடியாக இருக்கிற வீடு என்றுதான் அவர்கள் சம்மதித்தார்களாம். கடைசி வெள்ளிப் படையலுக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள். என்னைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றைக்கு நான் கொட்டகையில் இருந்துகொள்ள வேண்டுமாம்.

நான் கத்தினேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"பெட்டி அங்கன இருக்குத வரைக்கும் நீ சாமி. அத எறக்கிட்டா, ரெண்டரை வருசம் எவங்கூடயோ இருந்துட்டு வந்தவ. ஊரு அப்படித்தான் பேசும். எது வேணும்னு நீயே சொல்லு."

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறார்களா இந்த வீட்டில் என்று தோன்றியது.

ஆடி 7, புதன்

மலைக்குப் போனேன். கொம்பையாவைப் பார்க்கப் போகவில்லை. விறகு பொறுக்கப் போனேன். சுனை வழியில் இருந்தது.

உச்சிவேளையில்தான் அவன் தண்ணீருக்கு மேலே தெரிவான். கழுத்து வரைதான் வர முடியும். அவன் கிடை ஆடு மேய்த்தவன். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடி வந்து உள்ளே விழுந்தான். அன்றைக்கு அவனுக்கு இருபது வயது, இன்றைக்கும் இருபதுதான். "ஏட்டி முப்பிடாதி, எதுக்கு வந்த?" என்றான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு ஆள் இருக்கிறான், அவனும் தண்ணீருக்குள் இருக்கிறான்.

தயிர்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோயிருந்தேன். விறகு பொறுக்கப் போகிறவள் சாப்பாடு கொண்டுபோவதில் தப்பில்லை. உள்ளே கன்னிமார் சாப்பாட்டில் உப்பே கிடையாது. ஊறுகாயை நாக்கில் வைத்ததும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்றான்.

அவன் நிற்கிற விதம் சரியில்லை. அசையவே இல்லை. மிரட்டிக் கேட்ட பிறகு சொன்னான். என்னை வெளியே விட்டதற்குத் தண்டனையாக அவன் கால் கல்லாகிக்கொண்டு வருகிறது. இப்போது கணுக்கால் வரைக்கும். அதைவிட மோசமானது ஒன்றையும் சொன்னான். மூன்றாம் வருஷப் பாவாடையைப் பெட்டியில் வைத்துவிட்டால், அந்தப் பெண் ஏழாவது கல்லுக்குப் போய்விட வேண்டியதுதான். வெளியே எங்கே நின்றாலும், எவ்வளவு உயிரோடு இருந்தாலும் சரி. வீட்டுக்காரர்கள் மூன்று தடவை கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"பெட்டிய எறக்கச் சொல்லு. வச்ச கைதான் எறக்கணும். வேற ஆளு தொட்டா வராது" என்றான். இனிமேல் இங்கே வராதே என்றும் சொன்னான். அதைச் சொல்ல இவன் யார்? இவனிடமும் கோபித்துக்கொண்டுதான் வந்தேன். விறகை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஆடி 9, வெள்ளி

விளக்கு. பூ. சாம்பிராணி வேறு.

ஆடி 12, திங்கள்

தராசு 34. தராசை மாற்றச் சொல்லி அண்ணனிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மதிவதனியோடு பேச்சு.

காலேஜில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க டவுனுக்குப் போனேன். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவே இல்லை. ஒரு அம்மா கூடையை என் மடிமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபீஸில் ஒரு மணி நேரம் ஜன்னலில் நின்றேன், ஒருத்தர் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. ஊர் உலகத்தில் மரியாதை என்பதே போய்விட்டது.

ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்திருக்கிறார்கள். அண்ணன்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். சாமிக்கு எதற்குச் சர்க்கரை என்று நினைத்திருப்பான்.

ஆடி 13, செவ்வாய்

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டியைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன், கை வெறுமனே திரும்பி வந்தது. இரண்டாவது தடவை என் விரல்கள் ஓலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தன. வெளிச்சம் சரியில்லை.

அம்மா வந்தாள். பெட்டியை வைத்தது அம்மாவின் கைதான். கொம்பையா சொன்னதையெல்லாம் சொன்னேன். மூன்றாவது பாவாடை, ஏழாவது கல், எல்லாம். நம்பாமல் இருக்கவில்லை அவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"ஒன்ன எட்டு நாளு தேடுனேன். காடெல்லாம் தேடுனேன். பொறவு இந்தப் பெட்டிய என் கையால வைக்கச் சொன்னாக. அன்னைக்கித்தான் ஒறங்குனேன். இது எங்கயும் போவாது எம்மா. நீ போயிருவ."

போகமாட்டேன் என்றேன். போகாமல் இருக்கத்தான் அதை இறக்கச் சொல்கிறேன் என்றேன். இறக்கினால் அப்பா என்ன சொல்வார், அண்ணன் கல்யாணம் என்னாகும், ஊர் உன்னை என்ன பேசும் என்று ஆரம்பித்தாள். முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைத்தாள். என் தலையில் நூலாம்படை ஒட்டியிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

அம்மாமேல் இவ்வளவு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆடி 16, வெள்ளி

விளக்கு.

ஆடி 17, சனி

25.

சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கு இலை போடவில்லை. அம்மா ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். அம்மா என்று கூப்பிட்டேன். அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, காற்று அடிக்கிறது என்றான்.

தராசில் கோளாறு இல்லை. எழுதிவிட்டேன். போதுமா?

ஆடி 18, ஞாயிறு

ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது. நான் சுனைக்குப் போகிறேன். விறகுக்கு இல்லை. கல் உப்பு இரண்டு கிலோ எடுத்திருக்கிறேன். முதல் தடவை உள்ளே இருந்தபோது, என் வேர்வையின் உப்பு வாசனைக்கே கன்னிமார் ஓரடி நகர்ந்து உட்காருவதைப் பார்த்தேன். என்னைக் கேட்காமல் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிற அந்த ஆறு பேரிடமும் நேரில் நாலு வார்த்தை கேட்க வேண்டும். அப்படியே ஒருவனுடைய காலையும் பார்க்க வேண்டும்.

ஆடி 27, செவ்வாய்

உள்ளே ஒன்றரை மணி நேரம்தான் இருந்தேன். வெளியே ஒன்பது நாள் போய்விட்டது. காலண்டரை நாலு தடவை பார்த்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உச்சிவேளையில் ஏழாவது சுனையில் நானாகவே குதித்தேன். இறங்குவதற்குப் படி கிடையாது, தண்ணீர் தானாகக் கீழே கொண்டுபோகும். கீழே தண்ணீரே இல்லை. ஒரு மைதானம், அதில் வெயில் மாதிரி ஒன்று, சூடு இல்லாத வெயில். ஆறு கல்லில் ஆறு பேர் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தார்கள், பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு ஏழாவது கல்லைப் பார்த்தேன். அதன்மேல் பச்சை ஒன்றும் ஊதா ஒன்றுமாக இரண்டு பாவாடை மடித்து வைத்திருந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிற அதே பாவாடைகள். வாய் திறந்துவிட்டது.

என்னென்ன கேட்டேன் என்று முழுக்க நினைவில்லை. உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டது நினைவிருக்கிறது. மூத்தவள் நாரை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமே இல்லை அவளுக்கு. அங்கே யாருக்கும் கோபம் வராது.

"நாங்க ஒன்ன கேக்கலயே. ஒங்க வீட்டுல குடுத்தாக, வாங்கிக்கிட்டோம்" என்றாள். "இன்னும் ஒண்ணு பாக்கி. வந்து உக்காரு, வெயில்ல நிக்காத."

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மைக்காக அவளை அடிக்கலாம் போல இருந்தது. உப்பை அள்ளி வீசினேன். ஆறு பேரும் எழுந்து, கட்டிய பூவைப் போட்டுவிட்டு விலகினார்கள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று, மழைக்கு ஒதுங்கினவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசலுக்கு ஓடினேன். கொம்பையாவுக்குக் கல் முழங்கால் வரை ஏறியிருந்தது. நான் வந்து பேசிவிட்டுப் போனதற்கும் சேர்த்துத் தண்டனை. அதனால்தான் வராதே என்றிருக்கிறான், மடையன். மீதி உப்பு முழுவதையும் அவன் காலில் கொட்டித் தேய்த்தேன். இடது காலில் கல் வெடித்து உதிர்ந்தது, விரல் ஐந்தும் வெளியே வந்தது. வலது காலுக்கு உப்புப் பற்றவில்லை. மூன்று கிலோ எடுத்திருக்க வேண்டும்.

அழுதேனா என்று கேட்டால், ஆமாம். கோபத்தில்தான். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். அவன் கை சூடாக இருந்தது. அங்கே சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

"இது உப்புக்கு முழுசா வராது புள்ள. எங்க ஆத்தா மூணு நாளு மேல வந்து நின்னு என்னைய ஏசுனா. பேரச் சொல்லி ஏசுவா, என் காலு தன்னால மேல ஏறும். இன்னும் ஒரு மொழந்தான் கெடந்துச்சு. ஊர்க்காரவுக வந்து, சாமியாப் போனவன ஏசாத, குத்தமாயிரும்னு கூட்டிட்டுப் போயிட்டாக. அதுக்குப் பொறவு அவளும் கும்புட ஆரம்பிச்சுட்டா. என் காலு அப்படியே நின்னுபோச்சு."

அவன் சொன்னது என்ன என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கும்பிட்டால் அந்தப் பக்கம், திட்டினால் இந்தப் பக்கம். செத்தவர்களை யாரும் திட்டுவதில்லை. சாமியையும் திட்டுவதில்லை.

இப்போது வா என்று இழுத்தேன். ஒரு காலோடு எங்கே வருவான்? "மொதல்ல நீ பொழச்சுக்கோ" என்று என்னை மேலே தள்ளினான். இரண்டாவது தடவையாக என்னைத் தள்ளிவிடுகிறான். இதையும் கணக்கில் வைத்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே வந்தேன்.

வீட்டில் ஒன்பது நாளாக யாரும் என்னைத் தேடவில்லை. நான் போனதே தெரியாது. பெட்டிக்கு முன்னால் ஒன்பது நாளும் சோறு வைத்திருக்கிறார்கள். தராசு 13. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மா என்னைத் திட்ட வேண்டும்.

ஆடி 28, புதன்

பால் சட்டியைக் கவிழ்த்தேன். அம்மா பூனையைத் திட்டினாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

ஆடி 29, வியாழன்

நறுக்கிக் காயவைத்திருந்த எலுமிச்சையைத் தெருவில் கொட்டினேன். காற்று என்றார்கள். அண்ணனின் கல்யாணப் பத்திரிகை மாதிரியில் மையைக் கொட்டினேன். அது மட்டும் நன்றாகவே கொட்டியது. அண்ணன் முகம் வெளிறிப்போய், கன்னிசாமிக்குப் படையலில் ஏதோ குறை, அப்பா, பெரிசாகச் செய்துவிடுவோம் என்றான். நான் எது செய்தாலும் சாமி குத்தமாகிவிடுகிறது. திட்டுவதற்குப் பதிலாக இன்னும் இரண்டு முழம் பூ சாத்துகிறார்கள்.

சாயங்காலம் புதுப் பாவாடை வாங்கி வந்தார்கள். அரக்குப் பட்டு, மஞ்சள் கரை. நல்ல நிறம்தான். அது அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வந்த நேரத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பேனாவைப் பிடிப்பதே கஷ்டமாக இருக்கிறது. நாளைக்கு எழுத முடியாமல் போனால், இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: நான் யாரோடும் ஓடிப்போகவில்லை, செத்துப்போகவுமில்லை. என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆடி 30, வெள்ளி

எழுதுகிறேன். கை வலிக்க வலிக்க எழுதுகிறேன்.

காலையில் தராசில் ஏறினேன். சைபர். ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன், அதற்கு ஐம்பது கிராம் காட்டியது. நான் ஒரு பழத்தைவிடக் குறைச்சல்.

பதினொரு மணிக்குப் பெண்வீட்டார் வேனில் வந்தார்கள். மதிவதனி வாட்டசாட்டமாக, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு இருந்தாள். கோடாங்கியும் வந்துவிட்டான். அலமாரியிலிருந்து பெட்டியை எடுக்காமலேயே முன்னால் தலைவாழை இலை விரித்துப் பொங்கல், வடை, பருப்பு, ஊறுகாய் எல்லாம் வைத்தார்கள். உச்சி நேரம் வந்ததும் அம்மா தட்டில் பாவாடையை வைத்துக்கொண்டு நின்றாள். கோடாங்கி உடுக்கை எடுத்தான். அடிக்க அடிக்கச் சுவர் எனக்கு அந்தப் பக்கம் தெரிய ஆரம்பித்தது. சுவருக்குப் பின்னால் கொட்டகை இல்லை, அந்த மைதானம். ஆறு பேரும் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

கத்தினேன். அம்மாவின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினேன். அவள் காதோரத்து முடிகூட அசையவில்லை. நான் தெரிந்துவைத்திருந்த வழி எல்லாம் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்குப் பசித்தது. சொன்னால் சிரிப்பார்கள். உப்பில்லாத அந்த இடம், அதற்கு முன்னும் பின்னும் இலை போடாத வீடு. முன்னால் என் பெயரில் ஒரு இலைச் சோறு. என்னுடைய சோறுதானே? உட்கார்ந்தேன். சாமி கும்பிடுவதற்கு முன்னால், எல்லார் முன்னாலும், சப்பணம் போட்டு உட்கார்ந்து, எப்போதும் போல முதலில் ஊறுகாயை நக்கிவிட்டுப் பொங்கலை அள்ளித் தின்றேன். அதில் உப்பு இருந்தது.

என்னைத் தெரியவில்லை அவர்களுக்கு. இலையில் பொங்கல் குழி விழுவது மட்டும் தெரிந்தது. கோடாங்கி உடுக்கையை நிறுத்திவிட்டான். பெண்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி எடுத்துக்கிட்டா என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா கண்ணை மூடிக் கைகூப்பினார்.

அம்மா மட்டும் இலையைக் குனிந்து பார்த்தாள். ஊறுகாய் இருந்த இடம் முதலில் காலியானதைப் பார்த்தாள். பொங்கல் குழி விழுகிற பக்கத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் நெற்றி சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை எனக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

"ஏட்டி முப்பிடாதி! சவத்து மூதி, பீச்சாங்கையால சோறு திங்காதன்னு ஒனக்கு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்!"

குலவை நின்றது. என் முதுகில் ஒரு அடி விழுந்தது. விழுந்தது. எலும்பு வரைக்கும் வலித்தது. சுவர் சுவரானது. நான் வாயில் சோற்றோடு அண்ணாந்து பார்த்தேன், அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்வீட்டு அம்மா சாய்ந்து தூணைப் பிடித்தாள்.

அம்மா நிறுத்தவில்லை. இரண்டரை வருஷத்துத் திட்டு. சொல்லாமல் மலைக்குப் போனதற்கு, செருப்பை விட்டுவிட்டு வந்ததற்கு, ஜாடியை உடைத்ததற்கு, அதில் இருந்த இரண்டு படி ஊறுகாய்க்கு. திட்டிக்கொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். மூடியைத் திறந்து உள்ளே இருந்த வளையல், சீப்பு, பாவாடை எல்லாவற்றையும் என் மடியில் கொட்டினாள். அப்பா குரலைத் தாழ்த்தி, பெண்வீட்டார் இருக்கிறார்கள், ஓடிப்போனவள் என்று ஊர் பேசும், யோசித்துச் செய் என்றார்.

"பேசட்டும். ஓடிப்போனவ சோறு திம்பா. சாமி திங்காது" என்றாள் அம்மா.

அப்பா வெளியே போனார். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. கோடாங்கி பின்வாசல் வழியாகப் போய்விட்டான். பெண்வீட்டார் வேனில் ஏறிவிட்டார்கள். கல்யாணம் நடக்குமா என்று தெரியவில்லை. மதிவதனி மட்டும் ஏறுவதற்கு முன்னால் திரும்பி வந்து, ஊறுகாய் நல்லாயிருக்கா என்று என்னிடம் கேட்டாள். அண்ணன் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டான். பிசாசே, என் கல்யாணத்தைக் கெடுத்தாயே என்று அரை மணி நேரம் கத்தினான். ஒவ்வொன்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அண்ணனை அவ்வளவு பிடித்தது. ரேஷன் கார்டுக்காக நானும் அவனை அரை மணி நேரம் திட்டினேன்.

ஆடி 31, சனி

48. ஒரு கிலோ அதிகம்.

தோட்டத்து வழியாக மலைக்குப் போனேன், மூன்று இடத்தில் முள் கிழித்தது. ரத்தம் வந்தது. உச்சிவேளைக்குச் சுனையில் இருந்தேன். கொம்பையா வெளியே தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். அடியில் கண்ணை மூடி நிற்கிறான். கல் இடுப்பு வரை ஏறியிருந்தது.

அவனைத் திட்ட அவன் ஆத்தா இல்லை. ஊரில் அவன் பெயர் தெரிந்தவர்கள்கூட யாரும் இல்லை. நான் இருக்கிறேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மாவின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"எலேய் கொம்பையா! சவத்துப் பயலே, ஒரு ஆட்டுக்குட்டியப் பாக்கத் துப்பில்லாம உள்ள போயி அறுவது வருசமா நிக்கியே, வெக்கமா இல்ல?"

தண்ணீர் அசைந்தது. மறுபடி ஆரம்பித்தேன். என்னைக் கேட்காமல் இரண்டு தடவை தள்ளிவிட்டதற்குத் திட்டினேன். வராதே என்று சொன்னதற்குத் திட்டினேன். காரம் என்று பொய் சொன்னதற்கு, முப்பது பக்கத்தை நான் கிழிக்கும்படி செய்ததற்கு, அதைத் திரும்ப எழுத வைக்கப் போவதற்கு. வெயில் சாய்ந்தது. குரல் கம்மிப்போனது. ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்து, கன்னிமார் சுனையில் நின்று இப்படியெல்லாம் பேசாதேம்மா, குத்தமாயிரும் என்றார்கள். அவர்களையும் சேர்த்துத் திட்டினேன். ஓடிவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது.

முதலில் தோள் வந்தது. பிறகு இடுப்பு. கரையில் கையை ஊன்றி, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கேக்குதுட்டி. கத்தாத. வாரேன்" என்றான்.

கத்தாமல் இருப்பேனா? இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது.

ஆவணி 1, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முழங்கால் வரை சிராய்ப்போடு ஒருத்தன் கொட்டகையில் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். ஆதாரே கிடையாது. தராசில் ஏற்றிப் பார்த்தேன், 56.

அம்மா வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். எவன்டி இவன், சொல்லாமல் கொள்ளாமல் எவனையோ கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாயே, உனக்குக் கொழுப்பு எவ்வளவு என்று ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே உள்ளே போனாள். திட்டிக்கொண்டே, வாய் கொப்பளிக்க உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள். இரண்டு தம்ளரில்.